அப்பளம் உடையாமல் எட்டு ரவுண்டு

சிரிச்சது நீங்க ஒருத்தர்தான் சார். மத்தவங்க அம்புட்டுப் பேரும் என்னை அடிக்கத்தான் வந்தாங்க. அதனால நான் சொல்றதை நீங்கதான் கேக்கணும். வேற வழியும் இல்ல. ஜன்னல் சீட்டு உங்களுது, இறங்கணும்னா என்னைத் தாண்டித்தான் இறங்கணும்.

விசில் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். நாக்கை மடிச்சு மேல்பல்லுக்குப் பின்னாடி வச்சு ஊதினா கண்டக்டர் விசில் அப்படியே வரும். மணப்பாறையில அவர் இறங்கி டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் ரெண்டு ஊது ஊதினேன், டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. அம்புட்டுத்தான் நடந்துச்சு. அதுக்குப் போயி, "உன்னையெல்லாம் எவன்டா வண்டியில ஏத்துனது? எந்திரி, எந்திரி, இறங்கு, இறங்கு!" எப்படி, அவரே பேசுற மாதிரி இல்ல? மூக்குல கொஞ்சம் சேர்த்துக்கணும்.

ஆனா அவர் டீ கிளாஸோட வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்தாரே, பார்த்தீங்களா? எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்திருப்பீங்க. நான் காலைப் பார்த்தேன். குதிகால்ல ஓடுறாரு. ஒவ்வொரு எட்டுக்கும் தனக்குத்தானே பிரேக் போட்டுக்கிறாரு. ஆனா டீ ஒரு சொட்டு சிந்தல. கை நல்ல கை. என்கிட்ட மூணு மாசம் விட்டா அந்தக் கையை வச்சே அவரை ஆளாக்கிடுவேன்.

சும்மா சொல்லல சார். ஒருத்தனை ஆளாக்கியிருக்கேன். மூணே மாசத்துல. அதுதான் நான் பண்ணின தப்பு.

என் பேரு யுகேந்திரன். சின்னமனூரு. பன்னெண்டாவது படிக்கிறேன். எங்க அப்பாவுக்கு முட்டை மொத்த வியாபாரம், வீட்டுக்குள்ள நுழைஞ்சா முட்டை அட்டைதான் சுவரு. "ஏன்டா, அடுத்தவன் வாயிலதான் பேசுவியா? உன் வாய் எங்கடா போச்சு?" இது எங்க அப்பா. அவர் முன்னாடியே அவரை மாதிரி பேசுவேன். செருப்பைத் தேடுவாரு. ஹெட்மாஸ்டர், ரேஷன் கடை அக்கா, திருவிழாவுல காணாமப்போன பிள்ளையைப் பத்தி மைக்குல சொல்றவரு, எல்லாரும் எனக்குள்ள குடியிருக்காங்க.

குரல் மட்டும் இல்ல, ஓட்டமும் வரும். எங்க மைதானத்துல காலையில பதினாலு பேர் ஓடுவோம். பதினாலு ஓட்டமும் எனக்கு அத்துப்படி. ஒருத்தன் கோழி துரத்துற மாதிரி ஓடுவான். இன்னொருத்தன் வயித்தைக் கலக்குது, இடம் எங்கேன்னு தேடுற மாதிரி ஓடுவான். ஓடிக் காட்டினா பயலுக புரண்டு சிரிப்பாய்ங்க. கிண்டல் பண்றது லேசுன்னு நினைக்காதீங்க சார். கிண்டல் பண்ணணும்னா ஆளை உத்துப் பார்க்கணும். முழங்கால் எங்க மடங்குது, தலை எங்க ஆடுது, எப்ப மூச்சு விடுறான், எல்லாம் பார்க்கணும். எங்க மாஸ்டரே அப்படிப் பார்த்தது கிடையாது.

நான் எனக்குன்னு ஓடுறப்ப மட்டும் யார் மாதிரியும் ஓட மாட்டேன். அது வேற. விடுங்க.

மாஸ்டர்னா அருள்தாஸ் மாஸ்டர், எங்க பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர். சைக்கிள் ஸ்டாண்டு நிழல்ல சேர் போட்டு உட்கார்ந்திருப்பாரு. "ஹ்ர்க்கும். அதாகப்பட்டது, கைய வீசு, காலு தானா வரும். புரியுதா இல்லியா?" இருபது வருஷமா இந்த ஒரே பாடம்தான். குள்ளனுக்கும் இதான், நெட்டையனுக்கும் இதான். நூறு மீட்டர் ஓடுறவனுக்கும் கைய வீசு, ஐயாயிரம் மீட்டர் ஓடுறவனுக்கும் கைய வீசு. ஒருத்தன் பேரும் தெரியாது அவருக்கு. என்னை "ஏய் முட்டைக்கடை." பவுன்ராஜை "ஏய் வாழைத்தார்."

வாழைத்தார்ங்கிற பேரு நான் வச்சதுதான். மாஸ்டர் என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாரு. அவர் என்கிட்ட இருந்து எடுத்தது அதோட நிக்கல, பின்னாடி சொல்றேன்.

பவுன்ராஜ் என் வகுப்புதான். பள்ளிக்கூடம் விட்டதும் மண்டியில லாரிக்கு வாழைத்தார் ஏத்துவான். பத்து வயசுல இருந்து ஏத்துறான். வலது தோள்ல கோணியை மடிச்சுப் போட்டு, தாரைத் தூக்கி வச்சு, தலையை இடது பக்கம் சாய்ச்சு நடப்பான். மைதானத்துக்கு வந்தாலும் அதே தோள், அதே தலை. தார் இல்லாமலே தார் தூக்கிக்கிட்டு ஓடுவான் சார்! வலது தோள் காதைத் தொடும். ரெண்டு கையும் முஷ்டி. காலு ரெண்டும் தரையைப் போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டும். நான் ஒரு தலையணையைத் தோள்ல வச்சுக்கிட்டு அவனை மாதிரி மைதானத்தைச் சுத்தினேன். பயலுகளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவனும் சிரிச்சான். அதுதான் எனக்குப் பிடிக்கல. கிண்டல் பண்ணினா கோபம் வரணும்ல? அவன் என்னமோ கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, "அப்படியா ஓடுறேன்?"னு கேக்கிறான்.

அதனாலதான் மாஸ்டர் குரல்ல அவனுக்குப் போன் பண்ணினேன். வேற ஒரு காரணமும் இல்ல. அவன் எனக்குப் போட்டியே கிடையாது, கேட்டுக்கங்க. ஐயாயிரம் மீட்டர்ல நான் முதல் ஆளு, அவன் நாலாவது ஆளு. மாவட்டப் போட்டியில முதல் ஆள் மட்டும்தான் மாநிலத்துக்குப் போவான். மாநிலத்துல முதல் மூணு பேருக்கு விளையாட்டு விடுதியில இடம். காலேஜு, தங்குறதுக்கு ரூமு, மூணு வேளைச் சோறு, எல்லாம் அவங்களே. எங்க தெருவுக்கே தெரியும் அது எனக்குத்தான்னு. எங்க அப்பா, "போட்டியன்னைக்குக் கடையைச் சாத்திட்டு வர்றேன்டா"ன்னு சொன்னாரு. என் விஷயத்துக்கு அவர் கடை சாத்துறேன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆடி மாசம். எங்க ஊர்ல ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது, ஓடுறவனைத் திருப்பி அனுப்பும். அம்மாவோட பழைய போன் ஒண்ணு கிடந்துச்சு. அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் முட்டை அட்டைகளுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு அடிச்சேன்.

"ஹ்ர்க்கும். பவுன்ராஜா? அதாகப்பட்டது, மாஸ்டர் பேசுறேன்."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம். "சொல்லுங்க மாஸ்டர்."

"சாப்பிட்டியா?"

இதை நான் கேக்கணும்னே நினைக்கல சார். எங்க அம்மா போனை எடுத்தா முதல்ல அதைத்தான் கேக்கும், ராங் நம்பரா இருந்தாலும் கேக்கும். அந்த போனைக் காதுல வச்சதும் வாய் தானா அப்படிப் போயிருச்சு. அந்தப் பக்கம் தாரைக் கீழே இறக்கி வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"இன்னும் இல்ல மாஸ்டர்."

"சரி. இது வீட்டுக்காரம்மா நம்பரு. இதுல இருந்துதான் பேசுவேன். மைதானத்துல இதைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது. உனக்கு மட்டும் தனியாச் சொல்லித் தர்றேன்னு தெரிஞ்சா மத்தவன் சண்டைக்கு வருவான். புரியுதா இல்லியா?"

"புரியுது மாஸ்டர்."

"நாளையில இருந்து கைக்கு ஒண்ணா ரெண்டு பொரிச்ச அப்பளம். அதைப் பிடிச்சுக்கிட்டு எட்டு ரவுண்டு. உடையக் கூடாது."

"அப்பளமா மாஸ்டர்?"

"பெரிய அப்பளமா வாங்கு."

போனை வச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல ரெண்டு முட்டை உடைஞ்சு போச்சு.

மறுநாள் காலையில வந்தான் சார், பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு! எனக்குத் தரையில உருளணும் போல இருந்துச்சு. அரை ரவுண்டுல ரெண்டும் நொறுங்கிருச்சு. ஆனா நிறுத்தல. மிச்சத்துண்டை வச்சுக்கிட்டே எட்டு ரவுண்டும் ஓடினான். பின்னாடியே நாலு காக்கா. மாஸ்டர் சேர்ல இருந்து, "ஏய் வாழைத்தார், பந்தியில பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டியா? அதைப் போட்டுட்டுக் கைய வீசுடா!" அவன் மாஸ்டரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடினான்.

ஒன்பதாம் நாள் எட்டு ரவுண்டும் முடிச்சு நின்னான், ரெண்டு அப்பளமும் முழுசு. வட்டமா, கீறல் இல்லாம. ஒண்ணைத் தின்னுட்டு இன்னொண்ணை எனக்கு நீட்டினான். நான் வாங்கல.

அப்பதான் கவனிச்சேன். அப்பளம் உடையக் கூடாதுன்னா முஷ்டி பிடிக்க முடியாதுல்ல? முஷ்டி திறந்தா முழங்கை தளரும். முழங்கை தளர்ந்தா தோள் காதை விட்டு இறங்கும். தோள் இறங்கினா மூச்சு அடிவயித்துக்குப் போகும். வலது தோள் ரெண்டு விரக்கடை இறங்கியிருந்துச்சு சார். இதெல்லாம் தெரிஞ்சுதான் சொன்னியான்னு கேப்பீங்க. இல்ல. சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன். ஆனா தெரியவே தெரியாதான்னா, தெரியும். ரெண்டும் இருக்கக் கூடாதா?

அடுத்து முட்டை. மாஸ்டர் குரல்ல, "மைதானத்துத் தண்ணித்தொட்டி மேல உனக்கு ரெண்டு அவிச்ச முட்டை வச்சிருக்கேன்"னு சொல்லிட்டு, பச்சை முட்டையை வச்சேன். தட்டி உடைக்கும்போது மூஞ்சியில வழியும்ல? மறைஞ்சு நின்னு பார்த்தேன். தட்டினான், வழிஞ்சது, அப்படியே வாயில விட்டுக் குடிச்சுட்டுப் போயிட்டான். கையில வழிஞ்சதையும் நக்கினான். சப்புன்னு ஆயிருச்சு.

ஆனா ஒருநாள் வச்சுட்டு மறுநாள் வைக்கலைன்னா சந்தேகம் வந்துரும்ல? அதனால தினமும் வச்சேன். காக்கா கொத்திருச்சுன்னு டப்பாவுல போட்டு வச்சேன். பச்சை முட்டைன்னா வயித்தைப் புரட்டி அவன் வராம நின்னுட்டா என் விளையாட்டு போயிரும்ல, அதனால அவிச்சு வச்சேன். ஒரு பொட்டலம் உப்பு மிளகும் வச்சேன். ஒரு வேலையை எடுத்தா சுத்தமாச் செய்யணும் சார், அதுக்காகத்தான். என்ன அப்படிப் பார்க்கிறீங்க? எங்க வீட்ல முட்டைக்கு என்ன பஞ்சமா?

மூணாவது மைனா. மைதானத்துக் குழாயடியில காலையில பத்துப் பதினைஞ்சு மைனா மேயும். "அதாகப்பட்டது பவுன்ராஜ், நீ அந்த மைனாக்களை ஒட்டி ஓடுற. ஒண்ணு கூடப் பறக்கக் கூடாது. பறந்தா ஒரு ரவுண்டு கூட." அவன் காலு போடுற சத்தத்துக்கு மைனா என்ன, எதிர்த்த வீட்டு நாயே எந்திரிச்சு ஓடும். முதல் நாள் இருபத்தோரு ரவுண்டு ஓடினான். சாகட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா பய யோசிச்சான் சார். எட்டு வைக்கிற தூரத்தைச் சுருக்கினான். காலைத் தூக்கித் தூரமாப் போடாம இடுப்புக்கு நேர் கீழே வச்சான். குதிகால் இடிக்கிறது போயிருச்சு. பாதம் தரையைத் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போகுது. புரட்டாசி பொறக்கும்போது மைனாக்கள் அவன் வந்தா நிமிர்ந்துகூடப் பார்க்கல. நான் ஓடினா பறக்குதுங்க, அவன் ஓடினா மேயுதுங்க.

கடைசியா இடது தோள். "ஒரு மாசம் தாரை இடது தோள்ல தூக்கு"ன்னேன். மண்டியில மேஸ்திரி கத்தியிருக்கான். "பழகாத தோள்ல தூக்கித் தாரைப் போட்டு உடைச்சேன்னா நாளைக்கு வராதடா!" இது மேஸ்திரி, வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுப் பேசுவான். இடது தோள் தோல் உரிஞ்சு சட்டையில ஒட்டிக்கிச்சு. காலையில பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலம் மாஸ்டர் குரல்ல, "தேங்காய் எண்ணெய் போடு, கோணியை ரெண்டா மடிச்சுப் போடு"ன்னு சொன்னேன். இது எதுக்குன்னா... எதுக்கோ. தலை நிமிர்ந்துருச்சு. ரெண்டு தோளும் தராசு மாதிரி நேரா நின்னுச்சு. இப்ப அவனை மாதிரி ஓடிக் காட்டச் சொல்லிப் பயலுக கேட்டாய்ங்க. ஓடினேன். ஒருத்தனும் சிரிக்கல.

அப்ப நிறுத்தியிருக்கணும்ல? நிறுத்தல. நாலாவது ஆள் மூணாவது ஆனான், மூணாவது ரெண்டாவது ஆனான். நான்தான் முதல்ல இருக்கேனேன்னு நினைச்சேன்.

மாவட்டப் போட்டி. பன்னெண்டரை ரவுண்டு. எங்க அப்பா கடையைச் சாத்திட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து கம்பிக்குப் பின்னாடி நிக்கிறாரு. பத்தாவது ரவுண்டுல இருந்து நான்தான் முன்னாடி. கடைசி ரவுண்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது சார், பார்த்தா வேகம் குறையும். காதாலதான் பார்க்கணும். காதை வச்சுக் கேட்டேன். பின்னாடி சத்தமே இல்ல. ஒரு காலடி இல்ல, ஒரு மூச்சு இல்ல. முப்பது மீட்டர் இடைவெளி இருக்கும்னு கணக்குப் போட்டேன். அப்பா கையை ஆட்டுறாரு. நானும் கையை ஆட்டினேன். இன்னும் வேகமா ஆட்டுறாரு. சிரிச்சேன். அவர் 'பின்னாடி, பின்னாடி'ன்னு காட்டியிருக்காரு, எனக்கு டாட்டா காட்டுறாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

என் வலது பக்கத்துல ஒரு நிழல் வந்துச்சு. அம்புட்டுத்தான். சத்தமே இல்லாம என்னைத் தாண்டிப் போயிட்டான். அந்த இடத்துல மைனா இருந்திருந்தா ஒண்ணுகூடப் பறந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாரு. "ஏன்டா, ஆள் வர்றதுகூடவாடா தெரியல?" அதை மட்டும் என்னால அவரை மாதிரி சொல்லிக் காட்ட முடியல சார். வராது.

மறுவாரம் காலையில பிரேயர். மாஸ்டருக்குப் பொன்னாடை. "ஹ்ர்க்கும். அதாகப்பட்டது, இந்த மாணவன், ம்ம்," கையில இருக்கிற சீட்டைப் பார்க்கிறாரு, "பவுன்ராஜ், தோளைத் தூக்கிக்கிட்டு ஓடுவான். நான்தான் கவனிச்சு, தனியாக் கூப்பிட்டு, தோளை இறக்கி வச்சேன். புரியுதா இல்லியா?" எல்லாரும் கை தட்டுறாய்ங்க.

நான் நேரா அவர் ரூமுக்குப் போனேன். "மாஸ்டர், அது நான். உங்க குரல்ல போன் பண்ணிச் சொன்னது நான்"னு சொன்னேன். பேசியும் காட்டினேன். அப்பளம், மைனா, எல்லாத்தையும் சொன்னேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? "ஆமா, அப்பப்ப போன்ல சொல்லியிருக்கேன். நீ எங்கடா ஒட்டுக் கேட்ட?" சத்தியமா சார்! அந்த மனுஷன் நம்பிட்டாரு, தான்தான் பேசினோம்னு! கூடவே, "தோத்தவன் பொறாமைப்படக் கூடாதுடா முட்டைக்கடை"ன்னு புத்தி வேற.

சரி, அவன்கிட்டயாச்சும் சொல்லிடுவோம், ஜெயிச்ச சந்தோஷமாச்சும் போகட்டும்னு மண்டிக்குப் போனேன். லாரி மேல நின்னு தார் அடுக்கிக்கிட்டு இருந்தான். கீழே நின்னுக்கிட்டு மாஸ்டர் குரல்ல கூப்பிட்டேன். "ஹ்ர்க்கும். பவுன்ராஜ், சாப்பிட்டியா?"

திரும்பினான். துளிகூட அதிர்ச்சி இல்ல. "இன்னும் இல்லடா"ன்னான்.

"டேய், நல்லாக் கேட்டுக்க. மூணு மாசமா உன்னை முட்டாளாக்கினது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்? எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். மாஸ்டருக்கு என் பேரு தெரியாதுல்ல? அப்புறம் சாப்பிட்டியான்னு வேற கேட்ட."

"தெரிஞ்சுமாடா அப்பளத்தைத் தூக்கிக்கிட்டு ஓடின?"

இறங்கி வந்தான். கோணியை உதறினான். "என் காலு எங்க விழுது, தலை எங்க சாயுதுன்னு நீ ஒருத்தன்தானே பார்த்திருக்க. கிண்டலுக்குச் சொன்னாலும் சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. ஓடிப் பார்த்தேன், சரியா இருந்துச்சு." அப்புறம், "மாநிலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குடா. போன் பண்ணுவியா? மாஸ்டர் மாதிரி வேணாம். நீயே பேசு"ன்னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நான் ஏமாத்தினேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், அவன் என்னை ஏமாத்தியிருக்கான். மூணு மாசம்! என் முட்டையைத் தின்னுட்டு, என் வித்தையைக் கத்துக்கிட்டு, என் இடத்தையும் எடுத்துக்கிட்டு, 'நீயே பேசு'ங்கிறான். அந்த சிம்கார்டை அவன் முன்னாடியே உடைச்சுப் போட்டேன். முட்டையையும் நிறுத்தினேன். மறுநாள் காலையில அவன் தண்ணித்தொட்டி மேல கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டுப் போனான். பார்த்தேன். எனக்கென்ன.

இன்னைக்கு வந்தது வேடிக்கை பார்க்கத்தான் சார். திருச்சியில மாநிலப் போட்டி, அப்பாகிட்ட ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன். காலையில ஓட்டம். கம்பியோரம் நின்னேன். ஒன்பது ரவுண்டு வரைக்கும் தங்கம் மாதிரி ஓடினான். ரெண்டாவது இடம். பத்தாவது ரவுண்டுல ஆரம்பிச்சுச்சு. முதல்ல வலது கட்டைவிரல் உள்ளே போச்சு. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அப்புறம் முஷ்டி. அப்புறம் தோள் ஏறுது. ஆறு வாரமா மேஸ்திரி மறுபடி வலது தோள்லயே தூக்க வச்சிருக்கான், பார்த்ததுமே தெரிஞ்சுச்சு. அந்தப் பக்கம் பந்தல் நிழல்ல மாஸ்டர், "ஏய் சின்னமனூர், கைய வீசு! நல்லா வீசு!" வீசுறான். வீச வீசத் தோள் காதுக்குப் போகுது. தலை சாயுது. தட்டு தட்டுன்னு காலு.

என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தான் சார். திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன், பார்த்தான். என்னைத்தான்.

அப்பளம். ஒரே வார்த்தை. கத்தியிருந்தா கை தானாத் திறந்திருக்கும். மாஸ்டர் குரல் வேணாம், எந்தக் குரலா இருந்தாலும் போதும்.

என் வாயில போண்டா இருந்துச்சு.

நிஜமாத்தான் சார். சுடச்சுட போண்டா. வாயில வச்சுக்கிட்டு எப்படிக் கத்துறது?

என்ன? ஆமா, அதுக்கப்புறமும் ரெண்டரை ரவுண்டு இருந்துச்சு. அதுக்கென்ன? இன்னொரு தடவை தாண்டினான். அதுக்கப்புறம் இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் பார்த்தான். ஒரு போண்டாவை எம்புட்டு நேரம் தின்னேன்னா? நீங்க என்ன வக்கீலா சார்?

நான் எதுக்குக் கத்தணும்? பொன்னாடை போட்டுக்கிட்டவர் உட்கார்ந்திருக்காரே, அவர் சொல்லட்டும். தோளை இறக்கி வச்சவர் அவர்தானே?

நாலாவது. மூணாவது ஆளுக்கும் அவனுக்கும் ஒரு கை நீளம். விடுதி கிடையாது, காலேஜு கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாளைக்குச் சாயங்காலம் மண்டியில தார் ஏத்துவான். கோட்டைத் தாண்டினதும் குனிஞ்சு முழங்கால்ல கையை வச்சுக்கிட்டு நின்னான். நிமிரும்போது நான் இருந்த பக்கம் பார்த்தான். நான்தான் அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டேனே, கேட் வாசல்ல இருந்து பார்த்தேன்.

வந்து நல்லா சந்தோஷமாத்தான் இருந்தேன். இல்லாமலா விசில் அடிப்பேன்?

ஆமா, என் போன்தான். அடிக்கட்டும். மணப்பாறையில இருந்து அஞ்சாவது தடவை அடிக்குது. அவன்தான். திட்டுறதுக்குத்தான் கூப்பிடுறான். திட்டட்டும்னு எடுத்தா, எந்தக் குரல்ல பேசுறது? மாஸ்டர்னா கண்டுபிடிச்சிருவான். அப்பான்னா கண்டுபிடிச்சிருவான். நீங்க எடுத்து ராங் நம்பர்னு சொல்றீங்களா? மாட்டீங்களா? சிரிக்க மட்டும் தெரியுது உங்களுக்கு.

சரி, எடுக்கிறேன். பக்கத்துல காதை வச்சுக்கங்க. எப்படித் திட்டுறான்னு நீங்களே கேளுங்க. அப்பத்தான் தெரியும் உங்களுக்கு, அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு.

ஹலோ.

கேட்டீங்களா சார்? கேட்டுச்சா உங்களுக்கு? "சாப்பிட்டியாடா?"ங்கிறான். என் வசனத்தை எடுத்து என்கிட்டயே பேசுறான் பாருங்க! என்னையே மிமிக்ரி பண்றான் சார், திருட்டுப் பய. அதுவும் உருப்படியா வரல அவனுக்கு. பாதியிலயே குரல் உடையுது.